புகையும் புத்திமதியும்

நம் நாட்டுத் தமிழ்ப் பத்திரிகைகளிலும், வாலிபர் மன்ற மலர்களிலும், திருவிழா மேடைகளிலும் புகைத்தலின் தீமையைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகளையும் பேசப்பட்ட பேச்சுகளையும் ஒருங்கு திரட்டினால் ஒரு நூல்நிலையம் நிறையும். ஆயினும் அந்நூல்நிலையத்தின் வாயிற்படியில் அமர்ந்தே நம் பிள்ளைகள் புகை இழுக்கிறார்கள். ஓர் எழுத்தை அதன் சொல்லழகால் மட்டும் அளவிடாது, அது யாரை நோக்கி எழுதப்பட்டதோ அவர் நெஞ்சில் என்ன செய்தது என்பதாலும் அளவிட வேண்டும் என்பது நமது கொள்கை. அவ்வளவுகோல் கொண்டு நோக்கின், புத்திமதி இலக்கியம் என்னும் இப்பெரும்பகுதி நம்மிடையே தோற்றுப்போன பகுதி என்றே சொல்லவேண்டும். அது ஏன் தோற்றது? வாலிபரைப் புகையின்பால் ஈர்ப்பது யாது? இவ்விரண்டும் உண்மையில் ஒரே கேள்வி என்பதை ஈண்டுக் காட்ட முயல்வோம்.

23 கட்டுரைகள்

சில மாதங்களுக்கு முன், மலாக்கா மாநிலத்துப் பாயா ரும்புட் வட்டாரத்தில், ஒரு வாலிபர் மன்றத்தார் இடைநிலைப் பள்ளி மாணவர்க்குக் கட்டுரைப் போட்டி ஒன்று வைத்தனர். "புகைத்தலின் தீமைகள்" என்பது தலைப்பு. தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதும் நம்மிடம் 23 கட்டுரைகளைக் கொடுத்து மதிப்பெண் இடச் சொன்னார்கள்.

அவை 23 கட்டுரைகள் அல்ல. ஒரே கட்டுரையின் 23 படிகள். முதற் பத்தியில் புகை நமக்குப் பகை என்னும் எதுகை. இரண்டாம் பத்தியில் நுரையீரல், இதயம், புற்றுநோய். மூன்றாவதில் பெற்றோரின் பணம். நான்காவதில் கெட்ட நண்பர். இறுதியில் ஒரு குறளும் "ஆகவே மாணவர்களே" என்னும் விளியும். எழுதிய பிள்ளை தன் கண்ணால் கண்டது ஒன்றும் எதிலும் இல்லை. பள்ளிக் கழிப்பறையில் நாள்தோறும் நடப்பது இவர்களுக்குத் தெரியாததன்று. ஆயினும் வேப் என்று வழங்கும் மின்சிகரெட்டின் பெயரே இரண்டு கட்டுரைகளில்தான் வந்திருந்தது.

எல்லாவற்றினும் வியப்பானவர் அந்தக் "கெட்ட நண்பர்". 23 கட்டுரைகளிலும் அவர் தவறாது வருகிறார். அவருக்கு முகமில்லை, பெயரில்லை, வீடில்லை. எழுதிய அத்தனை பேரும் பிறரால் கெடக்கூடியவர். பிறரைக் கெடுப்பவர் அவருள் ஒருவரும் இலர். அப்படியானால் கெடுப்பவர் எந்த நாட்டிலிருந்து வருகிறார்? இதைக் கேளாமலே நம் புத்திமதி எழுத்தாளர் பல தலைமுறைகளாகக் காலங்கழித்து விட்டனர்.

எழுத்துப்பிழை இல்லாத ஒன்றுக்கு முதற்பரிசு கொடுத்தோம். பரிசளிப்பு முடிந்து மண்டபத்தின் பின்புறம் சென்றபோது மாம்பழ வாசனை அடித்தது. சுவரோரம் நின்றவன் அந்தப் பரிசுக்காரனே. படிவம் நான்கில் படிப்பவன், வயது 16. கையில், பாடப்புத்தகத்தில் வரிக்கு நிறந்தீட்டும் பேனாவைப் போன்ற ஒரு கருவி. நாம் வாய் திறக்குமுன் அவனே சொன்னான்: "அது போட்டிக்கு எழுதினது, அண்ணே. அப்படி எழுதினாத்தானே நீங்க மார்க் போடுவீங்க?"

நம் வாழ்நாளில் இதைவிடக் கூரிய இலக்கிய விமர்சனத்தை நாம் கேட்டதில்லை. அவன் பொய் எழுதவில்லை. நாம் விரும்பியதை எழுதினான். நாம் அதற்கு விலை கொடுத்தோம். அவனுக்கும் அவன் எழுதியதற்கும் இடையே யாதொரு தொடர்பும் இல்லாதிருந்ததை மதிப்பெண் இட்ட நாமே கவனிக்கவில்லை.

அறியாமையா?

அறியாமையால் புகைக்கிறார்கள் என்பார் உளர். முதற்பரிசு பெற்றவனைவிட அறிந்தவன் யார்? நம் நாட்டுச் சிகரெட்டுப் பெட்டிகளில் 2009 முதல் நோயுற்ற உறுப்புகளின் படங்கள் அச்சிடப்படுகின்றன. எழுத்தறியாதவனும் அதைப் படிக்கக்கூடும்.

சுகாதார அமைச்சின் தேசியச் சுகாதார ஆய்வு, 13 முதல் 17 வயது வரையிலான மாணவரைப் பற்றிச் சொல்வதைக் காண்க. 2017-இல் சிகரெட் புகைத்தவர் நூற்றுக்கு 13.8, 2022-இல் 6.2. இவ்வளவோடு நிறுத்தினால் புத்திமதிக்கு வெற்றி என்று மாலை சூட்டலாம். ஆனால் அதே ஐந்தாண்டுகளில் மின்சிகரெட் இழுத்தவர் 9.8-இலிருந்து 14.9 ஆயினர். ஏறக்குறைய ஏழு பிள்ளைகளில் ஒருவர். நுரையீரலுக்கு அஞ்சித்தான் ஒன்றை விட்டார்கள் என்றால், மற்றொன்றை நுரையீரலுக்குள் இழுப்பானேன்?

இதற்கு விடை நம் தோட்டத்து லயங்களிலேயே கிடந்தது. நம் தாத்தாமார் வாயில் சுருட்டு இருந்தது. பாட்டிமார் வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக் கொண்டனர். சுருட்டில் உள்ளதும் நிக்கோட்டினே; காரத்தில் அதற்குக் குறைவில்லை. இன்று எந்த வாலிபனாவது தாத்தாவின் சுருட்டைத் திருடிக் குடிக்க ஆசைப்படுகிறானா? இல்லை. ஏனெனில் சுருட்டு கிழவனின் அடையாளம். சிகரெட் ஒரு காலத்தில் ஆண்மையின் அடையாளமாயிருந்தது; உணவுக்கடைகளில் 2019-இல் புகைத்தல் தடுக்கப்பட்டு, புகைப்பவர் மழையிலும் வெயிலிலும் வீதியோரம் நிற்கும் நிலை வந்தபின், அதுவும் மெல்ல மெல்லச் சுருட்டாகி விட்டது. அந்த இடத்தைப் புதுக்கருவி பிடித்துக்கொண்டது. ஆகவே வாலிபன் முதலில் நாடுவது புகையை அன்று, புகை தரும் பொருளை என்பது நமது துணிபு. அப்பொருள் யாதெனின், "நானும் ஓர் ஆள்" என்பதே.

திரையில் தந்த மகுடம்

இப்பொருளை நம் மக்களுக்குப் புகட்டியதில் தமிழ்த் திரைக்குப் பெரும் பங்கு உண்டு. 1976-இல் கே. பாலசந்தர் இயக்கிய 'மூன்று முடிச்சு' படத்தில் ரஜினிகாந்த் சிகரெட்டை எறிந்து உதட்டால் கவ்விய வித்தை, மதுரையில் மட்டுமன்றி மலாக்காவின் பால்மரக் காட்டுக்குள்ளும் வந்து சேர்ந்தது. நம் தந்தையர் தலைமுறை குச்சியை எறிந்து அதைப் பழகியதைச் சிரிப்போடு சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அக்காட்சிகளை ஒரு விமர்சகன் கண்ணோடு பார்த்தல் வேண்டும். கதாநாயகன் சும்மா இருக்கும்போது புகைப்பதில்லை. பணக்காரன் அவனை ஏளனம் செய்கிறான். பத்துப்பேர் சூழ்ந்து நிற்கிறார்கள். அடுத்து அவன் எழப்போகிறான். அந்த இடைவேளையில்தான் தீக்குச்சி கிழிகிறது. அங்கே சிகரெட், அச்சமின்மையைச் சொல்லும் ஒரு சொல். முதலாளிக்கும் தண்டலுக்கும் முன்னே கைகட்டி நின்ற ஒரு வர்க்கத்துப் பிள்ளைக்கு அந்தச் சொல் எவ்வளவு இனித்திருக்கும்! சில காசுக்குக் கிடைத்த மகுடம் அது.

பின்னர் 2002-இல் 'பாபா' வெளிவந்தபோது புகைக்காட்சிகளை எதிர்த்துப் பாட்டாளி மக்கள் கட்சியினர் போராடியதும், பிற்காலத்தில் அந்நடிகரே புகையை விடுமாறு ரசிகரை வேண்டியதும் யாவரும் அறிந்தவை. 2012 முதல் இந்தியத் திரையில் புகைக்காட்சி வரும்போதெல்லாம் ஓர் எச்சரிக்கை வரி அடியில் தோன்ற வேண்டும் என விதி வந்தது. 2018-இல் 'சர்கார்' படச் சுவரொட்டியில் விஜய் சிகரெட்டோடு தோன்றியது கண்டனத்துக்குள்ளாகி நீக்கப்பட்டது. இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் இலக்கியமாக வைத்துப் பாருங்கள்: திரையின் நடுவே தன்மானத்தோடு நிமிர்ந்து நிற்கிறான் ஒருவன், அவன் காலடியில் எறும்பூரும் எழுத்தில் அரசாங்கம் நோயைப் பற்றிப் பேசுகிறது. இரண்டும் இரு வேறு மொழிகள். அவன் சொல்லும் மானத்துக்கு அந்த வரியில் மறுமொழி இல்லை.

மறுமொழி தந்தவர் ஒருவர் முன்னமே இருந்தார். எம்.ஜி.ஆர். தம் படங்களில் புகையையும் மதுவையும் பெரும்பாலும் விலக்கியே நடித்தார். அதனால் தோட்டப்புற மக்கள் அவரைக் குறைவாகவா நேசித்தார்கள்? அவர் வீரமும் கொடையும் அவர் செயலில் இருந்தன. கையில் புகை வேண்டியதில்லை. திரையில் வீரனைக் காட்டச் சிகரெட் இன்றியமையாதது என்பாரின் வாதம் அங்கேயே விழுந்துபட்டது.

வியாபாரியின் இலக்கியம்

நம்மவர் நோயைப் பற்றி எழுதிக்கொண்டிருக்க, மானத்தின் மொழியை நன்றாகக் கற்றுக்கொண்டவன் வியாபாரி. 1929-இல் நியூயார்க் நகரில் ஈஸ்டர் திருநாள் ஊர்வலத்தில் இளம்பெண்கள் சிலர் சிகரெட் பற்றவைத்துச் சென்றனர். அவை சிகரெட் அல்ல, விடுதலையின் தீவட்டிகள் என்று உலகுக்குச் சொல்லப்பட்டது. அதை ஏற்பாடு செய்தவர் எட்வர்ட் பெர்னேஸ் என்னும் விளம்பர வல்லுநர். அவருக்குப் பணம் கொடுத்தது ஒரு புகையிலைக் கம்பெனி. பெண்ணுரிமை என்னும் உயர்ந்த வேட்கை, ஒரு பெட்டிச் சிகரெட்டின் மேலட்டை ஆயிற்று. நம் நாட்டிலும் 1990-களில் தேசியக் கால்பந்து லீக்கே டன்ஹில் சிகரெட்டின் பெயரைச் சுமந்து நடந்தது. மூச்சு வாங்க ஓடுவோர் நெஞ்சில் புகையின் பெயர்! இதைவிடப் பெரிய அங்கதத்தை எந்தப் புலவனும் இயற்ற முடியாது.

மின்சிகரெட்டின் கதையும் இத்தகையதே. சீன நாட்டு மருந்தாளர் ஹான் லிக், தாமே புகைக்கு அடிமையாயிருந்தவர், 2003-இல் இதை ஆக்கினார்; சிகரெட்டிலிருந்து மீள்வோர்க்கு ஓர் ஊன்றுகோல் என்றே அது சொல்லப்பட்டது. ஊன்றுகோலுக்குத் தர்ப்பூசணியும் திராட்சையும் சூயிங்கமும் ஏன் சுவையாக வேண்டும்? பேனாவைப் போலவும் பொம்மையைப் போலவும் அது ஏன் உருவெடுக்க வேண்டும்? நாற்பது ஆண்டு சிகரெட் குடித்த லாரி ஓட்டுநரா பொம்மைக்கு ஆசைப்படுவார்? ஒரு நூலின் நடையைக் கொண்டே அது யாருக்கு எழுதப்பட்டதென அறியலாம். இக்கருவியின் வடிவத்தைப் படித்தாலும் அது யாருக்குச் செய்யப்பட்டதென அறியலாம்.

இதனுள் ஒரு நுட்பமும் உண்டு. பழைய சிகரெட்டில் முதல் இழுப்பு தொண்டையை அறுக்கும், கண்ணில் நீர் வரும், பிள்ளை இருமுவான். அந்த இருமல், இயற்கை வாயிலில் நிறுத்திய காவற்காரன். பலரை அங்கேயே திருப்பி அனுப்பியது. இன்றைய கருவிகள் பலவற்றில் நிக்கோட்டினோடு ஓர் அமிலம் சேர்த்து உப்பாக்கி விடுகிறார்கள். காரம் தணிகிறது, மிகுந்த நிக்கோட்டினும் நோகாமல் இறங்குகிறது, சில நொடிகளில் மூளையை எட்டுகிறது. மூளையோ 25 வயதளவும் வளர்ந்து கொண்டிருப்பது. பின்விளைவை நிறுத்துப் பார்க்கும் பகுதியே அதில் கடைசியாக முதிர்வது. காவற்காரனுக்குக் கைக்கூலி கொடுத்து விலக்கிவிட்டுக் கதவைத் திறந்தது போலாயிற்று. ஈர்ப்பது மதிப்பு, பிடித்து வைப்பது நிக்கோட்டின்.

சட்டம் என்ன செய்தது? 2007-ஆம் ஆண்டிலும் அதன் பின்னும் பிறந்தவர்க்கு எக்காலத்தும் புகைப்பொருள் விற்கலாகாது என்னும் மசோதா 2022-இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. 2023-இல் அவ்விதி, அரசியற்சட்டத்தின் சமத்துவப் பிரிவைக் காரணங்காட்டி, மசோதாவினின்றும் நீக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச் 31 அன்று, மின்சிகரெட்டுக்கான நிக்கோட்டின் திரவம் நஞ்சுப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. 18 வயதுக்குட்பட்டோர்க்கு விற்பதைத் தடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2024 அக்டோபர் 1 அன்று. இடைப்பட்ட 18 மாதங்கள் கதவு திறந்தே கிடந்தது. இந்தியா 2019-இல் மின்சிகரெட் விற்பனையையே தடுத்துவிட்டது; சிங்கப்பூரில் வைத்திருப்பதும் குற்றம். நம் பரிசுக்காரன் 2007-க்குப் பின் பிறந்தவன். அவனைக் காக்கவென்று எழுதப்பட்ட விதி, அவன் வளர்ந்து முடியுமுன்னரே அழிக்கப்பட்டது.

வள்ளுவர் சொன்ன முறை

கட்டுரைகளின் கடைசியில் வந்த குறள் பெரும்பாலும் கள்ளுண்ணாமை அதிகாரத்தது. புகையிலை அமெரிக்காவில் தோன்றி, போர்த்துகீசியர் முதலிய ஐரோப்பியர் வழியே 16-ஆம் நூற்றாண்டளவில் கீழ்நாடுகளுக்கு வந்தது. வள்ளுவர் அதைக் கண்டவரல்லர். ஆயினும் அவ்வதிகாரத்தை மேற்கோளாக ஒட்டிய பிள்ளைகளும், ஒட்டச் சொல்லிக்கொடுத்த நாமும் அதைப் படித்தோமா என்பதே ஐயம்.

கள்ளை நஞ்சென ஓரிடத்தில் சொல்கிறார் வள்ளுவர். ஆனால் அவ்வதிகாரத்தின் பெரும்பகுதி நோயைப் பற்றியதன்று. பகைவர் அஞ்சமாட்டார், ஒளி மங்கும், சான்றோர் மதியார், பெற்றவள் முகத்திலும் வெறுப்புத் தோன்றும், நாணம் என்பவள் முதுகு காட்டிப் போவாள், ஊரார் உள்ளறிந்து நகைப்பர் என்று மானத்தைப் பற்றியே அவர் திரும்பத் திரும்பப் பேசுகிறார். மனிதனை எது ஆட்டுவிக்கிறது என்பதை அப்புலவர் அறிந்திருந்தார். நம் புத்திமதிக்காரர் அம்மருத்துவனின் மருந்தை எறிந்துவிட்டு வெறும் புட்டியை வைத்துக்கொண்டனர்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. "மதிப்பிழப்பாய்" என்று ஒருவனிடம் சொல்லவேண்டுமானால், அவனுக்கு முன்னரே மதிப்பு இருந்தாக வேண்டும். வள்ளுவர் தம் எதிரே நிற்பவனை ஒளியுடையவனாகக் கருதிப் பேசினார். நாம் எப்படிப் பேசுகிறோம்? வகுப்பில் பின்வரிசை, வீட்டில் "ரிசல்ட் என்ன?" என்னும் ஒரே கேள்வி, அகப்பட்டால் கட்டொழுங்கு ஆசிரியரின் பிரம்பு, மேடையில் "இக்காலத்து வாலிபர் கெட்டுப்போனார்" என்னும் பொதுத்தூற்று. ஒன்றும் பெறாதவன் எதை இழப்பான்?

கள்ளுக்கடையை மூடியவர்கள்

நம் முன்னோர் இதை அறியாதவரல்லர். தோட்டம்தோறும் அரசாங்க அனுமதியோடு கள்ளுக்கடை இருந்த காலம் ஒன்று உண்டு. உழைத்த கூலி மாலையில் அக்கடைக்கே திரும்பிற்று. 1947-இல் கெடாவின் பீடோங் பக்கத்துத் தோட்டங்களில் தொண்டர் படை என்னும் இளைஞர் கூட்டம் அக்கடைகளை எதிர்த்து எழுந்தது. போலீசாரின் அடக்குமுறையையும் ஏற்றது. அவ்விளைஞர்க்குக் கிடைத்தது கல்லீரலைப் பற்றிய சொற்பொழிவு மட்டுமன்று. அணிவகுப்பு இருந்தது, தலைவர் இருந்தார், செய்ய வேண்டிய வேலை இருந்தது, லயத்துப் பெண்கள் அவர்களை மரியாதையோடு பார்த்தனர். குடியாமை அவர்களுக்கு ஒரு பதவியாயிற்று. குடிப்பவனைக் குறை கூறுவதோடு நில்லாமல், குடிப்பதால் கொழுப்பவன் யார் என்று அவர்கள் கேட்டனர். நம் இன்றைய புகை இலக்கியத்தில் இவ்விரண்டும் இல்லை: இளைஞனுக்குப் பதவியும் இல்லை, வியாபாரியின் பெயரும் இல்லை. இருப்பவர் முகமற்ற அந்தக் கெட்ட நண்பர் ஒருவரே.

பரிசு பெறாத கட்டுரை

பரிசுக்காரனிடம் நாம் ஒன்று கேட்டுக்கொண்டோம்: "நீ ஏன் இழுக்கிறாய் என்று எழுதிக் கொடு, மார்க் இல்லை." இரண்டு வாரம் கழித்து ஒன்றரைப் பக்கம் கொண்டு வந்தான். எழுத்துப்பிழை நிரம்ப இருந்தது. நுரையீரல் என்னும் சொல் அதில் இல்லை. ஒட்டுக்கடையில் பெரிய பையன்கள் பெஞ்சில் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டதை எழுதியிருந்தான். பிறகு இப்படி ஒரு வரி: "கடைக்காரர் என்னிடம் உனக்கு எந்தச் சுவை வேண்டும் என்று கேட்டார். எனக்கு என்ன வேண்டும் என்று ஒரு பெரியவர் கேட்டது அதுதான் முதல் தடவை."

23 கட்டுரைகளை ஒரு தட்டிலும் இவ்வொரு வரியை மறுதட்டிலும் வைத்தால், தாழ்வது எதுவென்பதை வாசகரே சொல்லலாம். கெட்ட நண்பர் யார் என்னும் நம் பழைய கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது. பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தவரே அவர். நாம் இடம் கொடுத்திருந்தால் அவருக்கு வேலை இருந்திராது.

அவன் விட்டுவிட்டான் என்று எழுதி இக்கட்டுரையை இனிதே முடிக்க நமக்கும் ஆசைதான். அவன் விடவில்லை; நிக்கோட்டின் அவ்வளவு எளிதில் விடுவதுமன்று. ஆனால் இப்போது மாதம் ஒருமுறை வந்து, எழுதியதைக் காட்டிப் போகிறான். சென்ற முறை வந்தபோது, 2007-ஆம் ஆண்டு விதியைப் பற்றி நாம் சொல்லக் கேட்டு, "எங்களுக்காக எழுதினதை எங்களைக் கேட்காமலே எடுத்துட்டாங்களா?" என்றான். சினம் அவன் குரலில் இருந்தது. அச்சினத்தை நாம் மதிக்கிறோம்; 1947-இல் கள்ளுக்கடை வாயிலில் நின்றவர் குரலிலும் இதுவே இருந்திருக்கும்.

அடுத்த ஆண்டுப் போட்டிக்கு மன்றத்தார் மீண்டும் நம்மை அழைத்திருக்கிறார்கள். தலைப்பை மாற்றுமாறு எழுதியிருக்கிறோம். "புகைத்தலின் தீமைகள்" வேண்டா. "எங்கள் ஊரில் இதை எங்களுக்கு விற்பது யார்? எங்களுக்கு என்ன வேண்டும்?" என்று வையுங்கள். வருகின்ற கட்டுரைகளில் பிழை மலியும்; சில பெரியவர்க்கு முகஞ்சுளிக்கும்படியும் இருக்கும். புத்திமதி சொல்வதைச் சிலகாலம் நிறுத்திவிட்டு அவற்றைப் படிக்கும் துணிவு நமக்கு வருமாயின், நம் பிள்ளைகள் கடைக்காரரைத் தேடிப் போகவேண்டிய காரணங்களுள் ஒன்றாவது குறையும்.